மாரநாதா: ஒற்றைச் சொல் தியானம்

பத்தாம் வகுப்பு மாணவியருக்கு நடந்த தியான நாளில் ஒரு மாணவி தயக்கத்துடன் எழுந்தாள். "சிஸ்டர், மந்திரம் சொல்வது இந்துக்களின் வழக்கம் அல்லவா? நாம் சொன்னால் பாவமில்லையா?" என்று கேட்டாள். அன்று மணி அடித்துவிட்டதால் இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பினேன். அந்தக் கேள்விக்குரிய முழு விடை இது.

இலண்டனில் 1926-ஆம் ஆண்டு பிறந்த ஜான் மெயின் என்ற கத்தோலிக்க இளைஞர், 1950-களின் நடுவில் மலாயாவில் ஆங்கில அரசுப் பணியில் இருந்தார். அலுவல் காரணமாகக் கோலாலம்பூரில் சுவாமி சத்தியானந்தரைச் சந்தித்தார். சுவாமிகள் அநாதைக் குழந்தைகளுக்காக இல்லமும் பள்ளியும் நடத்திவந்தவர். அவருடைய அமைதி ஜான் மெயினைக் கவர்ந்தது. "கிறிஸ்தவனாகிய எனக்கும் தியானம் கற்றுத் தருவீர்களா?" என்று கேட்டார். சுவாமிகள் அவரை மதம் மாறச் சொல்லவில்லை. கிறிஸ்தவச் சொல் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, காலையும் மாலையும் அதையே உள்ளத்தில் சொல்லும்படி கற்பித்தார்.

பின்னர் ஜான் மெயின் பெனடிக்ட் சபையில் சேர்ந்தார். நவசந்நியாசிகளின் குரு, "இது நம் மரபன்று, விட்டுவிடு" என்றார். நம் மாணவியின் அதே சந்தேகம்தான்! அவரும் கீழ்ப்படிந்து விட்டுவிட்டார். பல ஆண்டுகளுக்குப் பின், புனித ஜான் காசியானின் நூலைப் படித்தபோது அவருக்கு வியப்புக் காத்திருந்தது. காசியான் ஐந்தாம் நூற்றாண்டில் எழுதியவர்; எகிப்துப் பாலைவனத் துறவிகளிடம் செபம் கற்றவர். அத்துறவிகள் 70-ஆம் திருப்பாடலின் முதல் அடியை, கடவுளை உதவிக்கு அழைக்கும் அந்த ஒரே அடியை, வேலையிலும் வழியிலும் படுக்கையிலும் இடைவிடாது சொல்லிவந்தார்கள். இன்றும் எங்கள் மடத்துச் சிற்றாலயத்தில் கட்டளைச் செபம் அந்த அடியோடுதான் தொடங்குகிறது. அந்நிய வழி என்று எண்ணி விட்டது, நம் வீட்டுப் பெட்டியிலேயே கிடந்த பழைய நகை!

ஜான் மெயின் 1975-ல் இலண்டனில் தியான நிலையம் தொடங்கினார். 1982-ல் இறக்கும்வரை இதையே கற்பித்தார். அவர் பரிந்துரைத்த சொல் "மாரநாதா". இது இயேசு பேசிய அரமேய மொழிச் சொல். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் முடிவில் வருகிறது. "எம் ஆண்டவரே, வாரும்" என்பது பொருள். "எம் ஆண்டவர் வந்துவிட்டார்" என்றும் பிரித்துப் பொருள் கொள்வர்.

செய்யும் முறை எளிது. முதுகை நிமிர்த்தி அசையாமல் உட்காருங்கள். கண்களை மென்மையாக மூடுங்கள். இயல்பாக மூச்சு விடுங்கள். மா-ர-நா-தா என நான்கு அசைகளையும் சம அழுத்தத்துடன், வாய் அசையாமல் மனத்துக்குள் சொல்லுங்கள். சொல்லுவதைக் காதால் கேட்பதுபோல் கவனியுங்கள். அப்போது பொருளை ஆராய வேண்டாம். காட்சி எதையும் கற்பனை செய்யவும் வேண்டாம். பெரியவர்களுக்கு இருபது முதல் முப்பது நிமிடம், காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. சிறுமியருக்கு வயதுக்கு ஒரு நிமிடம் என்பது நல்ல கணக்கு. ஆறாம் வகுப்புச் சிறுமிக்குப் பதினோரு நிமிடம் போதும்.

உட்கார்ந்தவுடன் நாளைய கணக்குத் தேர்வு வரும். தோழியோடு போட்ட சண்டை வரும். சமையலறையின் தாளிப்பு வாசனையும் வரும். "எனக்குத் தியானம் வராது" என்று எழுந்துவிடாதீர்கள். மனத்தோடு மல்லுக்கு நிற்கவும் வேண்டாம். கோபமின்றி மீண்டும் சொல்லுக்குத் திரும்புங்கள். நூறு முறை சிதறினால் நூறு முறை திரும்புங்கள். அப்படித் திரும்புவதே செபம். எண்ணங்களின் செல்வத்தையும் விட்டுவிட்டு ஒரே அடியோடு நிற்பதே எளிய உள்ளம் என்று காசியான் விளக்குகிறார்.

"பிறரைப் போல் பிதற்ற வேண்டாம் என்று ஆண்டவர் சொல்லவில்லையா?" என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். சொற்களை அடுக்கிக் கடவுளை இணங்கவைக்க முயல்வதையே அவர் கண்டித்தார். இங்கோ சொற்கள் குறைகின்றன, கேட்பதும் குறைகிறது. இது மதிப்பெண் வாங்கும் மாயமன்று. திருப்பலிக்கும் செபமாலைக்கும் மாற்றுமன்று. அவற்றில் நாம் முழு மனத்தோடு ஈடுபடத் துணை செய்வது.

நம் பள்ளியில் பயிலும் பிற சமயப் பிள்ளைகள் தங்கள் வீட்டில் சொல்லும் இறைவனின் திருநாமத்தையே சொல்லட்டும். கோலாலம்பூர்ச் சுவாமிகள் கத்தோலிக்க இளைஞருக்குக் காட்டிய மரியாதையை நாம் அவர்களுக்குக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம். பிற சமயங்களிலுள்ள உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-ல் அறிவித்திருக்கிறது.

ஆகவே, கேள்வி கேட்ட மகளே, பயப்படாதே. இன்று மாலை விளக்கேற்றியதும், பாடப் புத்தகத்தைத் திறக்குமுன் சற்று உட்கார். ஆண்டவரை வாரும் என்று அழை. அவர் முன்பே வந்து உனக்காகக் காத்திருப்பதை, மெல்ல மெல்ல நீயே அறிவாய்.