ஒளிக்கோட்டில் பிறந்த இசை

இசை கற்பவளுக்கு மின்சுற்று எதற்கு என்று கேட்போர் நம்மிடையே உண்டு. தோழியரே, இங்கிலாந்தின் டாஃப்னி ஓரம் அம்மையாரைப் (1925–2003) பார்ப்போம். இராயல் இசைக் கல்லூரியில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, போர்க்காலத்தில் பி.பி.சி. வானொலியில் இளநிலை ஒலிப்பதிவுக்கூடப் பொறியாளராகச் சேர்ந்தார். 1958-இல் அங்கு ரேடியோஃபோனிக் பட்டறையை நிறுவியோருள் அவரும் ஒருவர். மறு ஆண்டே விலகி, கென்ட் பகுதியில் தம் இல்லத்திலேயே இசைக்கூடம் அமைத்தார்.

அவர் மனத்தில் கேட்ட ஒலிகளைத் தர எந்த வாத்தியமும் இல்லை. எனவே தாமே ஒன்றை உருவாக்கினார், பெயர் 'ஓராமிக்ஸ்'. 35 மில்லிமீட்டர் படச்சுருள்கள் பத்து அதில் ஒருசேர ஓடும். அவற்றின்மேல் மையினால் கோடு வரைவார். கோடு மறைத்தது போக எஞ்சிய ஒளி, ஒளிமின்கலத்தில் விழுந்து மின்னோட்டமாகும். அம்மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கமே சுருதியையும் ஒலியளவையும் ஆளும். நமக்குக் கை நடுங்கினால் கோடு கோணும். அவருக்கோ இசையே கோணிவிடும்!

ஒளிமின்கலத்தின் படம் வரைந்து நாமும் மதிப்பெண் பெறுகிறோம். அதைக் கையில் எடுத்து இணைத்துப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? ஓராமிக்ஸ் கருவி இப்போது இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் உடைமை, அது ஒலிப்பதில்லை.