சேர்ந்து பழகாத படை



திறமைசாலிகளை ஒண்ணாச் சேர்த்துட்டா அது நல்ல அணி ஆகிவிடுமா? ஆகாது என்பதுதான் நான் படித்துத் தெரிந்துகொண்ட பாடம். 1980-ல் நடந்த ஒரு உண்மைச் சம்பவத்தைச் சொல்கிறேன், கேளுங்க.

1979 நவம்பர் 4-ம் தேதி, ஈரான் தலைநகர் டெஹ்ரானில் இருந்த அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. 50-க்கும் மேற்பட்டோர் மாதக்கணக்கில் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். அவர்களை மீட்க 1980 ஏப்ரல் 24 இரவு அமெரிக்கா ஒரு படையை அனுப்பியது.

ஆளுங்க லேசுப்பட்டவங்க இல்லை. கமாண்டோக்கள் தரைப்படையின் 'டெல்டா' பிரிவினர். ஹெலிகாப்டர்கள் கடற்படைக்குச் சொந்தம், ஓட்டியவர்களில் பெரும்பாலோர் மரைன் படையினர். பெரிய விமானங்கள் விமானப்படையுடையவை. ஆனால் ரகசியம் வெளியே போயிடக்கூடாதுன்னு தனித்தனி இடங்களில் பயிற்சி எடுத்தாங்க. பகுதி பகுதியாகச் சேர்ந்து பழகினார்களே தவிர, எல்லாரும் கூடி முழுத் திட்டத்தையும் ஒருமுறைகூட ஒத்திகை பார்க்கவில்லை.

அன்றிரவு 8 ஹெலிகாப்டர்கள் கிளம்பின. குறைந்தது 6 தேவை. ஒன்று பழுதாகி வழியிலேயே விடப்பட்டது. அப்புறம் பாலைவனத்தில் புழுதி மண்டலம், எதிரே ஒண்ணுமே தெரியலை! ரேடியோவில் பேசவும் தடை. இன்னொரு ஹெலிகாப்டரில் கருவிகளும் கோளாறானதால் அது திரும்பிவிட்டது. ஆனால் இறங்கவேண்டிய இடத்தில் வானம் தெளிவாகத்தான் இருந்தது. முன்னாடியே போய் இறங்கியவர்களுக்கு அது தெரியும், திரும்பியவருக்குத் தெரியாது. ஒரே ஒரு தகவல் கைமாறவில்லை!

போய்ச் சேர்ந்த 6-ல் ஒன்றும் பழுது. மிச்சம் 5. திட்டம் கைவிடப்பட்டது. திரும்பும் நேரத்தில் ஒரு ஹெலிகாப்டர் விமானத்தின் மீது மோதித் தீப்பிடித்து 8 வீரர்கள் உயிரிழந்தார்கள். பிணைக்கைதிகள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு 444-வது நாளில், 1981 ஜனவரி 20 அன்றுதான் விடுதலையானார்கள்.

அட்மிரல் ஹாலோவே தலைமையிலான குழு இதை ஆராய்ந்து, முழு ஒத்திகை நடக்காததை ஒரு முக்கியக் குறையாகச் சொன்னது. அதன்பின் கமாண்டோக்களோடு சேர்ந்தே பயிற்சி செய்யும் தனி ஹெலிகாப்டர் பிரிவு 1981-ல் உருவானது. 1987-ல் எல்லாச் சிறப்புப் படைகளுக்கும் ஒரே தலைமையகம் வந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை:

1. நம்பிக்கை என்பது சொல்லி வருவதில்லை. கூடவே பயிற்சி செய்தவன் இப்ப என்ன செய்வான் என்று தெரிவதுதான் நம்பிக்கை.

2. தன் வேலை மட்டும் தெரிந்தால் போதாது. பக்கத்தில் இருப்பவன் வேலையும் தெரியணும்.

3. தனக்குத் தெரிந்த தகவலை அடுத்தவனுக்குச் சொல்லும் வழியை முன்கூட்டியே பேசி வைக்கணும்.

4. ஒத்திகையை முதலிலிருந்து கடைசி வரை, எல்லாரும் சேர்ந்து பார்க்கணும்.

தொடர் ஓட்டத்தில் பின்னால் திரும்பாமலே கையை நீட்டுகிறோமே, குச்சி கைக்கு வரும் என்ற தைரியம் எங்கிருந்து வருது? தினமும் சேர்ந்து ஓடியதில் இருந்துதானே!

சிந்திப்போம்! சேர்ந்து பழகுவோம்!