திரையை வரைவதற்கு முன்னால்: டிஜிட்டல் மீடியா, யூஎக்ஸ் படிப்புகளில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பிளஸ் டூ முடிவு வெளியாகும் வாரத்தில் வரும் கல்லூரி விளம்பரங்களைப் பாருங்கள். விஸ்காம், மல்டிமீடியா, டிஜிட்டல் மீடியா, இன்டராக்‌ஷன் டிசைன், யூஎக்ஸ் டிசைன் எல்லாம் ஒரே கட்டத்துக்குள், ஒரே படத்துக்குக் கீழே கிடக்கும். ஹெட்போன் மாட்டிய பையன், இரண்டு மானிட்டர், பின்னால் நீல வெளிச்சம். படம் ஒன்றுதான், படிப்புகள் ஒன்றல்ல. டிஜிட்டல் மீடியா வீடியோ, அனிமேஷன், ஒலி, இணையதளம் என்று ஒன்றை உருவாக்கக் கற்றுத்தருகிறது. யூஎக்ஸில், அதாவது பயனர் அனுபவ வடிவமைப்பில், பெரும்பகுதி கண்டுபிடிக்கும் வேலை: ஒருவர் எந்த இடத்தில் திணறுகிறார், ஏன் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார். முதலாவதில் கை முந்தும், இரண்டாவதில் காது முந்தும். 1993-ல் ஆப்பிளில் ‘யூசர் எக்ஸ்பீரியன்ஸ்’ என்பதைத் தன் பதவிப் பெயரிலேயே சேர்த்துக்கொண்ட டான் நார்மன் படித்தது மின்பொறியியலும் உளவியலும்தான், ஓவியம் அல்ல.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படியுங்கள். பெற்றோரும் படிக்கலாம்.

சேருவதற்கு முன்

பாடத்திட்டத்தை முழுதாக வாங்கிப் படியுங்கள். பளபளக்கும் கையேடு போதாது, செமஸ்டர் வாரியான பாடத்திட்டம் வேண்டும். பயனர் ஆய்வு, பயன்பாட்டுச் சோதனை, தகவல் கட்டமைப்பு, அறிதல் உளவியல், மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல்தன்மை ஆகியவை எத்தனை தாள்களில், எந்த ஆண்டில் வருகின்றன என்று தேடுங்கள். இந்த ஐந்தும் சேர்ந்து கடைசி ஆண்டில் ஒரே ஒரு விருப்பத் தாளாகச் சுருங்கியிருந்தால், அது மீடியா படிப்பின் மேல் ஒட்டிய யூஎக்ஸ் ஸ்டிக்கர். மீடியாதான் வேண்டும் என்பவருக்கு அதில் குறையில்லை. யூஎக்ஸ் என்று நம்பிச் சேருபவருக்குத்தான் நட்டம்.

இறுதியாண்டு மாணவர்களிடம் பேசுங்கள். பிளேஸ்மென்ட் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் வேறொன்று கேளுங்கள்: “செஞ்சதை யார்கிட்ட குடுத்து டெஸ்ட் பண்ணீங்க?” “கிளாஸ் ஃபிரெண்ட்ஸ்கிட்ட” என்றோ “ஹெச்ஓடி சார் பார்த்தாரு” என்றோ பதில் வந்தால், அங்கே என்ன கற்றுத்தருகிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மென்பொருள் பட்டியலைப் பார்த்து மயங்காதீர்கள். “பன்னிரண்டு மென்பொருள்கள் கற்றுத்தரப்படும்” என்ற வரிதான் பெற்றோரை அதிகம் கவர்கிறது. ஒரு காலத்தில் மல்டிமீடியா படிப்பென்றாலே ஃபிளாஷ்தான். 2020 கடைசியோடு அதன் கதை முடிந்தது. அடோபி எக்ஸ்டி வளர்ச்சி நின்று வெறும் பராமரிப்புக்குப் போனது. இன்விஷன் 2024 முடிவில் கடையை மூடியது. இன்று எல்லோரும் பயன்படுத்தும் ஃபிக்மா பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 2016-ல்தான். நான்கு ஆண்டுப் படிப்பு முடிவதற்குள் கருவி மாறிவிடலாம். கருவியைக் கற்கச் சில வாரம் போதும், அதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை.

விஸ்காமைக் குறைத்து எண்ணாதீர்கள், அதிகமாகவும் எதிர்பார்க்காதீர்கள். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. விஸ்காம் வகுப்புகளில் பாதிப் பேருக்குச் சினிமா கனவு. ஒளிப்படம், திரைக்கதை, எடிட்டிங் எல்லாம் கையில் ஏறும். காட்சிகளை வரிசைப்படுத்திக் கதை சொல்லும் பழக்கம் பின்னால் யூஎக்ஸுக்கும் உதவும். ஆனால் ஆய்வு, சோதனை என்ற பக்கம் பெரும்பாலும் வெற்றாகவே இருக்கும். அதை நிரப்பிக்கொள்ள வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

பெயரில் டிசைன் இருக்கிறதே என்று சேர்ந்துவிடாதீர்கள். சென்னை ஐஐடியில் இன்ஜினீயரிங் டிசைன் துறை இருக்கிறது. காஞ்சிபுரம் ஐஐஐடிடிஎம் பெயரிலேயே டிசைன் உண்டு. இரண்டிலும் பிளஸ் டூவுக்குப் பின் கிடைப்பது ஜேஇஇ வழியான பொறியியல் படிப்பு. நல்ல படிப்புகள்தாம், ஆனால் நீங்கள் தேடிய பி.டெஸ். என்னும் இளநிலை டிசைன் பட்டம் அல்ல. இன்னொரு குழப்பமும் உண்டு: அகமதாபாத்தில் 1961-ல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடி வேறு, திருச்சியில் உள்ள என்ஐடி வேறு. சொந்தக்காரர்களிடம் எத்தனை முறை விளக்கினாலும் புரியாது, பரவாயில்லை.

பட்டமா, சான்றிதழா என்று எழுத்தில் கேளுங்கள். “வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து” என்று போட்டிருந்தால், கடைசியில் பட்டம் வழங்குவது யார், யுஜிசி அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். “வேலைக்கு உத்தரவாதம்” என்ற வாக்கியம் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நுழைவுத் தேர்வு

பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் யூசீட் எழுதலாம். கணக்கு இல்லை, உயிரியல் இல்லை என்று ஒதுங்க வேண்டாம். மும்பை ஐஐடி நடத்தும் தேர்வு இது. மும்பை, டெல்லி, குவாஹாட்டி, ஹைதராபாத் ஐஐடிகளின் பி.டெஸ். இடங்களுக்கு இதன் மதிப்பெண்தான் வாசல். தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவும் ஏற்கின்றன. மூன்று மணி நேரம், 300 மதிப்பெண். கணினியில் விடையளிக்கும் முதல் பகுதிக்கு 200, கையால் வரையும் இரண்டாம் பகுதிக்கு 100. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை மட்டுமே எழுத முடியும். ஆகவே “சும்மா எழுதிப் பார்க்கலாம்” என்று ஒரு வாய்ப்பைக் கரைக்காதீர்கள்.

ஓவியம் அழகாக வராது என்று பயப்படவும் வேண்டாம். எதைக் கவனித்தீர்கள், எப்படி யோசித்தீர்கள் என்று கோடுகள் காட்டினால் போதும். மதிப்பெண்ணில் பெரும்பங்கு இருப்பது முதல் பகுதியில். வெறும் டிராயிங் கிளாஸை நம்பிப் போனவர்கள் அதில்தான் சறுக்குகிறார்கள்.

விஸ்காம் முடித்தவர்களுக்குச் சொன்ன வழி இதுதான்: எம்.டெஸ். படிப்புக்கான சீட் தேர்வு. மூன்றாண்டுப் பட்டம் இருந்தால் போதும், வயது வரம்பு இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். மும்பை ஐஐடியில் 1969-ல் தொடங்கிய ஐடிசி வடிவமைப்புப் பள்ளியில் இன்டராக்‌ஷன் டிசைனில் எம்.டெஸ். இருக்கிறது.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே விலையுயர்ந்த லேப்டாப் வாங்காதீர்கள். ஃபிக்மா பிரவுசரிலேயே ஓடும், மாணவர்களுக்கு இலவசம். வீடியோ, அனிமேஷன் பக்கம் போவது உறுதியான பிறகு வலுவான இயந்திரம் பற்றி யோசிக்கலாம்.

படிக்கும் காலத்தில்

முதலில் போய் நில்லுங்கள். வெளியூர்ப் பேருந்துகளுக்கு ஆப் செய்வது மாணவர்களுக்குப் பிடித்த புராஜெக்ட். விடுதி அறையில் உட்கார்ந்து வரைந்தால் அழகான கால அட்டவணை கிடைக்கும். மாலை ஆறு மணிக்குப் பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். அட்டவணையை யாரும் பார்ப்பதில்லை. ஊர்ப் பெயரைக் கத்தும் கண்டக்டரிடம் போய், “எப்பண்ணே எடுப்பீங்க? உக்கார இடம் இருக்கா?” என்று கேட்கிறார்கள். மக்களுக்கு வேண்டிய இரண்டு தகவல்கள் அவை. விடுதி அறையில் வரைந்த திரையில் இரண்டுமே இருக்காது.

நல்ல வடிவமைப்பையும் தெருவிலேயே பார்க்கலாம். யூபிஐயில் பணம் வந்ததும் தொகையை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். டீ ஆற்றிக்கொண்டிருப்பவரால் போனை எடுத்துப் பார்க்க முடியாது. வாடிக்கையாளர் நீட்டும் திரையை நம்பவும் முடியாது. இரண்டுக்கும் விடை திரையே இல்லாத ஒரு பெட்டி. திரையை அழகாக்குவதுதான் யூஎக்ஸ் என்று நினைக்கும் முதலாண்டு மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

“பிடிச்சிருக்கா?” என்று கேட்காதீர்கள். நம் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: “நல்லாத்தான் இருக்கு தம்பி.” படிக்கிற பிள்ளை வெயிலில் வந்து கேட்கிறதே, மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம். அந்த நல்லெண்ணம் உங்கள் ஆய்வைக் கெடுத்துவிடும். கருத்துக் கேட்காமல் வேலை கொடுங்கள்: “அக்கா, இதுல உங்க தம்பிக்கு ஐந்நூறு ரூபாய் அனுப்புற மாதிரி செஞ்சு காட்டுங்க.” பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் விரல் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். “மேல இருக்கு பாருங்க” என்று உதவிக்குப் போகாதீர்கள்; உங்கள் ஆப்போடு நீங்களும் கூடவே போகப்போவதில்லை. “எனக்குத்தான் தெரியலப்பா, படிக்காதவ” என்று அவர் தன்னையே நொந்துகொண்டால், பிழை திரையில் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். இது ஆய்வு நெறியும்கூட.

ஐந்து பேர் போதும், ஆனால் ஒரே தடவை போதாது. ஐந்து பேரிடம் சோதித்தால் பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டுச் சோதனை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். அதை மட்டும் மேற்கோள் காட்டி வேலையை முடித்துக்கொள்ளும் மாணவர்கள் உண்டு. பதினைந்து பேரை ஒரே மூச்சில் சோதிப்பதைவிட, ஐந்து பேர், திருத்தம், மீண்டும் ஐந்து பேர், திருத்தம் என்று மூன்று சுற்று போவது மேல் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

தமிழில் செய்து பாருங்கள், முதல் நாளே. எல்லாத் திரைகளையும் ஆங்கிலத்தில் வரைந்துவிட்டுக் கடைசியில் தமிழை ஊற்றினால் எல்லாம் உடையும். ஆங்கிலத்தில் நாலெழுத்தில் அடங்கிய பொத்தான், தமிழில் இரண்டு சொல்லாகி அடுத்த வரிக்கு இறங்கும். நம் எழுத்துகளின் கொக்கிகள் மேலும் கீழும் நீள்வதால், ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் ‘கி’யும் ‘கூ’வும் மோதிக்கொள்ளும். ‘கொ’ என்பதில் கொம்பு முன்னால், கால் பின்னால்; உயிர்க்குறியோ கணினிக்கு ஒன்றே. நீளமான பெயரை இத்தனையாவது குறியோடு வெட்டு என்று நிரல் எழுதினால், புள்ளி கழன்று ‘க்’ வெறும் ‘க’வாக நிற்கும். இதையெல்லாம் பாடமாக எடுக்கும் வகுப்புகள் குறைவு. நீங்களே இந்த இடத்தில் கெட்டிக்காரர் ஆகிவிட்டால், போட்டிக்கு அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

உங்கள் போனில் மட்டும் பார்க்காதீர்கள். வீட்டில் அப்பா வைத்திருக்கும் பழைய ஆண்ட்ராய்டில், எழுத்தளவைப் பெரிதாக்கி, மத்தியான வெயிலில் திறந்து பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து மாணவர்களின் ஒட்டுமொத்த மோகம். வெயிலில் அது காணாமல் போகும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 மாறுபாடு வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி என்னும் அனைத்துலக நெறிமுறை. பிறகு திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் ஆப்பைப் பயன்படுத்துங்கள். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நாட்டில் இருக்கிறது. அணுகல்தன்மை யாரும் போடும் பிச்சையல்ல.

ஏமாற்று வடிவங்களைப் பழகாதீர்கள். கூடையில் தானாக ஏறும் காப்பீடு, பொய்யாக ஓடும் கவுன்ட்டவுன், எளிதில் சேரவிட்டு வெளியேற விடாத சந்தா. யூஎக்ஸ் வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் 2010-ல் இவற்றுக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர் வைத்தார். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. வகுப்பில் தராவிட்டாலும் நீங்களே எடுத்துப் படித்துவிடுங்கள். முதல் வேலையிலேயே யாராவது இப்படி ஒன்றைச் செய்யச் சொல்லக்கூடும். அப்போது “சட்டம் இடம் தராது சார்” என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் வேலையை மதிப்பிடும் ஜூரியில் வாதாடாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். ஏஐ கருவிகள் நொடியில் பத்துத் திரை தருமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பத்தில் எது, ஏன் என்று சொல்லத் தெரியாமல் வகுப்புக்குப் போகாதீர்கள்.

போர்ட்ஃபோலியோ, வேலைப் பயிற்சி

உணவு டெலிவரி ஆப்பை மறுவடிவமைப்பு செய்யாதீர்கள். ஆள் எடுப்பவர்கள் அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். ரேஷன் கடை, பால் சொசைட்டி, ஊர் நூலகம், அம்மாவின் மகளிர் குழுக் கணக்கு நோட்டு என்று நீங்கள் நேரில் போகக்கூடிய இடமாக எடுங்கள். மூன்று நான்கு வேலைகள் போதும். தூக்கிப் போட்ட வரைவுகளையும், ஏன் தூக்கிப் போட்டீர்கள் என்பதையும் காட்டுங்கள். குழு வேலையென்றால் உங்கள் பங்கு எதுவென்று தெளிவாக எழுதுங்கள்; நேர்முகத்தில் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம்.

பேட்டி கொடுத்தவர்களின் முகத்தையும் போன் எண்ணையும் போர்ட்ஃபோலியோவில் போடாதீர்கள். அனுமதி கேட்டாலும், எதற்கு அனுமதி தருகிறோம் என்று அவர்களுக்குப் புரிந்ததா என்று பாருங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-லேயே சட்டம் வந்துவிட்டது.

இன்டர்ன்ஷிப்பில் யார் மேற்பார்வை என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். நீங்கள்தான் ஒரே டிசைனர் என்றால், பிழையைச் சுட்டிக்காட்ட ஆளில்லாமல் ஆறு மாதம் போஸ்டர் செய்துகொண்டிருப்பீர்கள். தேர்வுக்கு ஒரு டாஸ்க் கொடுத்தால் அது சில மணி நேர வேலையா என்று பாருங்கள். அவர்களது சொந்த ஆப்பின் ஐந்தாறு திரைகளை ஒரு வாரத்தில் முடித்துத் தரச் சொன்னால் அது தேர்வல்ல, சம்பளமில்லாத வேலை. “ஒரு திரையை மட்டும் செய்து, யோசித்த விதத்தை விளக்கட்டுமா?” என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். சம்மதிப்பவர்களிடம் போங்கள்.