பாங்காக்கில் வேன் இல்லாமலும் ஊர் சுற்றலாம்

"பாங்காக்கா? பஸ், ரயிலெல்லாம் நமக்குச் சரிப்படாது. பேசாமல் ஒரு வேன் பேசிக்கொள்ளுங்கள்." போய்வந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும்.

சொல்பவர்களில் பலர் சுற்றுலாக் குழுவோடு போய் ஜன்னல் வழியே ஊரைப் பார்த்தவர்கள். மாலை ஐந்து மணிக்குமேல் சுகும்வித் சாலையில் வேனும் நிற்கும், டாக்சியும் நிற்கும், காசு கொடுத்தவரும் உள்ளே உட்கார்ந்திருப்பார். அதே சாலைக்கு மேலே தூண்களின்மீது 1999 டிசம்பரிலிருந்து பிடிஎஸ் ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2004இல் பூமிக்கடியில் எம்ஆர்டி வந்தது. ஸ்டேஷன் பெயர்கள் ஆங்கிலத்திலும் உண்டு, அறிவிப்பும் ஆங்கிலத்தில் உண்டு. தமிழ் மட்டும் தெரிந்தவர்கூட ஸ்டேஷன் எண்ணை வைத்தே சமாளித்துவிடலாம்.

"பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏர்போர்ட்டிலிருந்து ரயிலில் வர முடியுமா?" முடியும். சுவர்ணபூமி விமான நிலையத்தின் அடித்தளத்திலேயே ரயில் நிற்கிறது. அரை மணி நேரத்தில் பயா தாய் ஸ்டேஷன், 45 பாட். அங்கே பிடிஎஸ்ஸுக்கு மாறலாம். அதற்கு முன்பே மக்கசானில் இறங்கினால் எம்ஆர்டி பக்கத்தில். தனியாகவோ இருவராகவோ போனால் இதை விடச் சிக்கனம் இல்லை. ஆனால் நாலு பேர், நாலு பெட்டி, கூடவே வயதான அம்மா என்றால் மீட்டர் டாக்சியே மேல். விமான நிலையக் கட்டணமாக 50 பாட் கூடுதலாகக் கேட்பார்கள், சுங்கக் கட்டணமும் நம் தலையில்தான். இரண்டுமே முறையானவை, சண்டை போட வேண்டாம். சென்னையிலிருந்து நள்ளிரவில் கிளம்பி விடியலில் இறங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடியேற்றச் சோதனை முடிந்து வெளியே வரும்போது அலுவலகக் கூட்டமும் அந்த ரயிலில் ஏறத் தொடங்கியிருக்கும்.

"ஒரே டிக்கெட்டில் எல்லா ரயிலிலும் போகலாம்" என்பது அடுத்த நம்பிக்கை. சிக்கலே இங்கேதான். பிடிஎஸ் ஒரு நிறுவனம், எம்ஆர்டி வேறொரு நிறுவனம். ஒன்றின் டிக்கெட் இன்னொன்றின் வாசலில் செல்லாது. மாறும் இடத்தில்கூட ஸ்டேஷன் பெயர் வேறு: மேலே அசோக், கீழே சுகும்வித், மேலே சாலா டேங், கீழே சிலோம். எம்ஆர்டியில் வட்டமான பிளாஸ்டிக் வில்லை தருவார்கள், வெளியேறும்போது அதை இயந்திரத்தில் போட வேண்டும். விசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தட்டியும் போகலாம். ஆனால் நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாக இயங்காது. ஊரிலேயே வங்கிச் செயலியில் இயக்கிவிட்டுக் கிளம்புங்கள். பிடிஎஸ்ஸுக்கு ராபிட் அட்டை, அதை வாங்கப் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். ஒருநாள் பாஸ் 150 பாட் என்றதும் லாபம் என்று பாய்பவர்கள் உண்டு. 2023இல் உயர்த்திய கட்டணப்படி நகர மையத்தில் ஒரு பயணம் 17 முதல் 47 பாட்தான். ஒரே நாளில் ஐந்தாறு தடவை ஏறி இறங்காதவருக்கு அந்தப் பாஸ் பெரும்பாலும் நஷ்டம்.

வரைபடத்தை நம்பும் இளைஞர்களின் நம்பிக்கை வேறு மாதிரி: ரயில் போகாத இடமே இல்லை. பழைய நகரத்துக்கு 2019இல்தான் ரயில் எட்டியது, அதுவும் சனாம் சாய் வரைக்கும். வாட் போ கோயிலுக்கு அது நல்ல ஸ்டேஷன். அங்கிருந்து அரச அரண்மனைக்கு வெயிலில் கால் மணி நேர நடை.

பழைய ஊருக்கு நீர்வழியே சரி. பிடிஎஸ்ஸின் சபான் தாக்சின் ஸ்டேஷனுக்குக் கீழே சாத்தோன் படகுத்துறை இருக்கிறது. அங்கே நீலக்கொடிச் சுற்றுலாப் படகுக்குத்தான் முதலில் கூப்பிடுவார்கள். ஊர்க்காரர்கள் ஏறுவது ஆரஞ்சுக் கொடிப் படகில். எங்கே இறங்கினாலும் 16 பாட். தா சாங் துறையில் இறங்கினால் அரண்மனை. படகில் துறவிகளுக்கென்று இடம் ஒதுக்கியிருப்பார்கள், அங்கே போய் நிற்கக் கூடாது.

சேன் சேப் கால்வாய்ப் படகை யாரும் நமக்குச் சொல்வதில்லை. 1830களில் படைகளையும் தளவாடங்களையும் கொண்டுபோக மூன்றாம் ராமா மன்னர் வெட்டிய கால்வாய் அது. இன்று ஊழியர்கள் அதில் வேலைக்குப் போகிறார்கள். தண்ணீர் கறுப்பு, மணமும் சுமார்தான். படகு வேகமெடுத்ததும் அதன் ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் கயிற்றை இழுத்துப் பிளாஸ்டிக் திரையை உயர்த்துவார்கள். நடத்துனர் தலைக்கவசத்தோடு படகின் வெளிவிளிம்பில் நடந்தபடி காசு வாங்குவார். பிரதுநாமில் படகு மாறி பான் ஃபா வரை போனால் பொன்மலைக் கோயில் கண்ணெதிரே. என்னைக் கேட்டால் பாங்காக்கின் சிறந்த பொதுப் போக்குவரத்து இதுதான். இரவு சுற்றுவதற்கு மட்டும் இதை நம்ப வேண்டாம், படகுகள் சீக்கிரமே நின்றுவிடும்.

"ஓட்டல் ஸ்டேஷன் பக்கம்" என்ற விளம்பரத்தையும் உரசிப் பார்க்க வேண்டும். சோய் எனப்படும் சந்துகள் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் நீளும். சுகும்வித்தில் ஒற்றைப்படைச் சோய்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம், எண்களும் நேருக்கு நேர் வராது. தோங் லோ ஸ்டேஷனில் ஒரு பக்கம் சோய் 55, எதிரில் சோய் 38. சந்துமுனையில் ஆரஞ்சுச் சட்டைக்காரர்களின் மோட்டார் சைக்கிள் டாக்சி நிற்கும். சிலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்கு அந்தக் கவலை இல்லை. தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அந்தக் கோயில் சுரசக் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான். நவராத்திரி நிறைவு ஊர்வலத்தன்று சாலையை மூடிவிடுவார்கள், அன்று ரயில்தான் கதி.

கடைசியாக, "டுக்டுக் நம்ம ஆட்டோ மாதிரி, அதுதான் மலிவு." அதில் மீட்டர் கிடையாது. 35 பாட்டில் தொடங்கும் மீட்டர் டாக்சி பல நேரம் அதைவிடக் குறைவு, ஏசியும் உண்டு. மிகக் குறைந்த தொகைக்கு ஊரைச் சுற்றிக்காட்டுகிறேன் என்று ஒருவர் வந்தால், வண்டி ரத்தினக்கடைக்கும் தையல்கடைக்கும் போகும். "இன்று அரண்மனை மூடியிருக்கிறது" என்று வாசலுக்கு வெளியே சொல்பவரிடம் பேச்சு வளர்க்காதீர்கள், நேரே டிக்கெட் கவுன்ட்டர் வரை நடந்து போய்ப் பாருங்கள். அரச சடங்கு ஏதும் இல்லையென்றால் காலை 8.30 முதல் மாலை 3.30 வரை அங்கே டிக்கெட் கொடுப்பார்கள்.