ஓடவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம்

நம் நாட்டுச் சாலைகளில் தினமும் வண்டிச் சோதனை நடக்கிறது. பாலத்தின் அருகே, சுங்கச்சாவடி அருகே, கடைத்தெரு முனையில் போலீஸ்காரர்கள் நிற்கிறார்கள். கையைக் காட்டி வண்டிகளை நிறுத்துகிறார்கள். லைசென்ஸ் இருக்கிறதா, ஹெல்மெட் போட்டிருக்கிறாரா, குடித்திருக்கிறாரா என்று பார்க்கிறார்கள்.

இந்தச் சோதனை எதற்காக? மத்திய அரசின் கணக்கைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இவர்களில் 50,029 பேர் ஹெல்மெட் போடாமல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். ஓட்டியவர்களும் உண்டு. பின்னால் உட்கார்ந்து சென்றவர்களும் உண்டு.

ஆகவே சோதனை உயிரைக் காக்கத்தான். ஆனால் அந்தச் சோதனையே சில நேரம் உயிரை எடுத்துவிடுகிறது. எப்படி? கை காட்டியதும் ஒருவர் நிற்காமல் ஓடுகிறார். போலீஸ்காரர் விரட்டுகிறார். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

ஏன் ஓடுகிறார்கள்?

ஓடுகிறவர்கள் எல்லோரும் திருடர்கள் அல்ல. பெரும்பாலும் பயம்தான் காரணம்.

ஹெல்மெட் இல்லாமல் சென்றால் சட்டப்படி அபராதம் 1,000 ரூபாய். கூலி வேலை செய்பவருக்கு அது சிறிய தொகை அல்ல. "இன்றைய கூலியும் போய், நாளைய கூலியும் போய்விடுமே" என்று அவர் நினைக்கிறார். சிலரிடம் லைசென்ஸ் இருக்காது. சிலர் குடித்திருப்பார்கள். சிலருக்கு, நாலு பேர் முன்னால் திட்டு வாங்க வெட்கம். பின்னால் மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் வெட்கம் இன்னும் கூடும்.

பயம் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் ஓடுவதால் அபராதம் குறையாது, கூடும். போலீசாரின் சட்டப்படியான உத்தரவை மீறினால் 2,000 ரூபாய் அபராதம் உண்டு. ஆபத்தான முறையில் ஓட்டினால், முதல் முறை என்றாலும், 1,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். சிறைக்கும் அனுப்பலாம். இவை மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டு திருத்தத்துக்குப் பின் உள்ள தொகைகள். சில குற்றங்களுக்கு மாநில அரசுகள் தொகையைக் குறைத்தும் வாங்குகின்றன.

ஒரு நொடியில் எவ்வளவு தூரம்?

இப்போது ஒரு சிறு கணக்கு போடுவோம்.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் சுமார் 8 மீட்டர் தூரம் போகும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் சுமார் 17 மீட்டர் போகும்.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 25 மீட்டர் போகும்.

குறுக்கே ஒரு குழந்தை வருகிறது. கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கை மிதிக்க வேண்டும். அதற்கே ஏறக்குறைய ஒரு நொடி ஆகிவிடும். 90 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் பிரேக்கைத் தொடும் முன்பே 25 மீட்டர் தாண்டியிருப்பார். பிரேக் போட்ட பிறகும் வண்டி உடனே நிற்காது. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும்.

விரட்டும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓடுகிறவர் முன்னால் உள்ள சாலையை முழுதாகப் பார்ப்பதில்லை. போலீஸ் வருகிறதா என்று கண்ணாடியைப் பார்க்கிறார், திரும்பிப் பார்க்கிறார். விரட்டுகிறவரின் கண்ணோ ஓடுகிறவர் மேலேயே இருக்கிறது. இரண்டு வண்டிகளும் வேகமாகப் போகின்றன. இரண்டு பேர் கவனமும் சாலையில் இல்லை. சாலையோரம் நடந்து போகிறவர் என்ன பாவம் செய்தார்?

மூன்று இடங்களில் நடந்தவை

தமிழ்நாட்டில் நடந்தது இது. 2018-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் தேதி. திருச்சி – தஞ்சாவூர் சாலையில் ஒரு கணவனும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் சென்றார்கள். ஹெல்மெட் சோதனையில் அவர்கள் நிற்கவில்லை என்று காவல் ஆய்வாளர் ஒருவர் விரட்டிச் சென்றார். திருவெறும்பூர் அருகே ஓடும் வண்டியை அவர் எட்டி உதைத்தார் என்று புகார் எழுந்தது. கீழே விழுந்த மனைவி இறந்துபோனார். ஆயிரக்கணக்கான மக்கள் சாலையை மறித்தார்கள். ஆய்வாளர் கைது செய்யப்பட்டார்.

அடுத்தது கேரளத்தில் நடந்தது. 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசி. கொல்லம் மாவட்டத்தில் கடைக்கல் என்ற ஊர். ஹெல்மெட் இல்லாமல் வந்த இளைஞர் ஒருவர் சோதனையில் நிற்கவில்லை. போலீஸ்காரர் கையிலிருந்த லத்தியை அவர் மேல் வீசினார். வண்டி தடுமாறி, எதிரே வந்த காரில் மோதியது. இளைஞர் காயம் அடைந்தார். காரில் இருந்தவர்கள் சபரிமலைக்குச் செல்லும் பக்தர்கள். அந்தப் போலீஸ்காரர் வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டார்.

மூன்றாவது ஹரியானாவில் நடந்தது. 2022-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி. நூ மாவட்டத்தில் மலையைச் சட்ட விரோதமாக வெட்டிக் கல் எடுக்கிறார்கள் என்று தகவல் வந்தது. போலீஸ் டி.எஸ்.பி. ஒருவர் அங்கே சென்றார். எதிரே வந்த டிப்பர் லாரியை நிறுத்தும்படி கை காட்டினார். லாரி நிற்கவில்லை. அவர் மேல் ஏறிவிட்டது. அவர் இறந்துபோனார்.

மூன்று நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றில் பின்னால் உட்கார்ந்து சென்ற பெண் இறந்தார். ஒன்றில் வண்டி ஓட்டியவர் காயம் அடைந்தார். சம்பந்தமே இல்லாத பயணிகளின் காரும் விபத்தில் சிக்கியது. ஒன்றில் போலீஸ் அதிகாரியே உயிர் இழந்தார். நிற்காமல் ஓடுவதும் தவறு. உயிருக்கு ஆபத்து வரும்படி தடுப்பதும் தவறு.

நீதிமன்றம் சொன்னது என்ன?

கடைக்கல் நிகழ்ச்சிக்குச் சில நாட்கள் முன்புதான், அதே நவம்பர் மாதத்தில், கேரள உயர் நீதிமன்றம் இது பற்றித் தெளிவாகச் சொல்லியிருந்தது. ஹெல்மெட் இல்லாமல் வந்த ஓர் இளைஞரின் வண்டியை நிறுத்த முயன்றபோது நடந்த விபத்து பற்றிய வழக்கு அது.

ஹெல்மெட் போடாதவர்களை விரட்டிப் பிடிக்கக் கூடாது என்று நீதிமன்றம் கூறியது. வரும் வண்டியின் முன்னால் பாய்ந்து தடுக்கக் கூடாது என்றும் கூறியது. கேமரா போன்ற கருவிகளைக் கொண்டு விதி மீறுகிறவர்களைக் கண்டுபிடிக்கலாம் என்று வழி காட்டியது. கேரள போலீஸ் தலைமை 2012-ஆம் ஆண்டிலேயே இப்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்ததையும் நீதிமன்றம் நினைவுபடுத்தியது.

இதில் உள்ள நியாயம் எளிமையானது. ஹெல்மெட் விதி எதற்காக? தலையைக் காப்பாற்ற. தலையில் ஹெல்மெட் இல்லாதவரை வேகமாக ஓட வைத்தால் என்ன ஆகும்? எந்தத் தலையைக் காப்பாற்ற விதி வந்ததோ, அந்தத் தலையே உடையும்.

எண் இருந்தால் போதும்

"விரட்டாவிட்டால் தப்பித்துவிடுவாரே?" என்று கேட்கலாம். தப்ப முடியாது. வண்டியின் பின்னால் எண் இருக்கிறது.

அந்த எண்ணைக் கணினியில் தட்டினால் உரிமையாளரின் பெயரும் முகவரியும் தெரியும். அபராதச் சீட்டு செல்போனுக்கே வரும். இதற்கு இ-சலான் என்று பெயர். "வண்டி என்னுடையதுதான், ஆனால் நான் ஓட்டவில்லை" என்று உரிமையாளர் சும்மா இருக்க முடியாது. ஓட்டியவர் யார் என்று போலீஸ் கேட்டால், தெரிந்ததைச் சொல்வது சட்டப்படி அவர் கடமை.

கேரளத்தில் 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் சாலைக் கேமராக்கள் மூலம் அபராதம் போடத் தொடங்கினார்கள். இதற்காக மாநிலம் எங்கும் 726 கேமராக்கள் வைக்கப்பட்டன. ஹெல்மெட் இல்லாதவரைக் கேமரா படம் பிடிக்கிறது. அது யாரையும் விரட்டுவதில்லை.

அபராதம் தவறாக வந்தது என்று தோன்றினால் நீதிமன்றத்தில் சொல்லிக்கொள்ளலாம். அபராதத்தை நாளைக்கும் வாங்கலாம். போன உயிரை நாளைக்கு வாங்க முடியாது.

எப்போதுமே விரட்டக் கூடாதா?

குழந்தையைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். கொலை செய்துவிட்டு ஆயுதத்தோடு ஓடுகிறார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் போலீஸ் பின்தொடரத்தான் வேண்டும். விட்டுவிட்டால் இன்னும் பெரிய கேடு வரலாம்.

அப்போதும் நிதானம் வேண்டும். முன்னால் உள்ள சோதனைச் சாவடிக்கு வயர்லெஸ்ஸில் சொல்லலாம். எந்த மோட்டார் சைக்கிளும் வயர்லெஸ் செய்தியை முந்தி ஓட முடியாது. பள்ளிக்கூடம், சந்தை, திருவிழாக் கூட்டம் இருக்கும் இடத்தில் விரட்டினால், கூட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து. பிடிப்பதால் வரும் நன்மை பெரியதா, விரட்டுவதால் வரும் ஆபத்து பெரியதா என்று எடை போட வேண்டும். ஹெல்மெட் போடாத குற்றத்தையும் குழந்தை கடத்திய குற்றத்தையும் ஒரே தராசுத் தட்டில் வைக்கக் கூடாது.

கை காட்டினால் என்ன செய்வது?

வேகத்தைக் கூட்டாதீர்கள். திடீரென்று வண்டியைத் திருப்பாதீர்கள். எதிர்த் திசையில் ஓடாதீர்கள்.

இடது பக்கம் சிக்னல் போட்டு, மெதுவாக ஓரம் கட்டுங்கள். வண்டியை அணைத்துவிடுங்கள்.

சீருடையில் உள்ள போலீஸ்காரர் கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும். கையில் அட்டை இல்லையா? டிஜிலாக்கர், எம்பரிவாஹன் ஆகிய அரசுச் செயலிகளில் செல்போனில் இருப்பதைக் காட்டினாலும் செல்லும்.

மரியாதையாகப் பேசுங்கள். மரியாதையை எதிர்பார்ப்பதும் உங்கள் உரிமை. "என்ன குற்றம் ஐயா? எவ்வளவு அபராதம்?" என்று கேளுங்கள்.

பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் அதற்கும் எழுத்தில் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். ரசீதை நீங்களே படித்துப் பாருங்கள். வண்டி எண், தேதி, குற்றம், தொகை எல்லாம் சரியா என்று பாருங்கள். எழுதப் படிக்கக் கற்றது இதற்கும்தான்.

போலீஸ்காரர் தவறாக நடந்தால் அவர் பெயரைப் பாருங்கள். சீருடையில் பெயர்ப் பட்டை இருக்கும். இடம், நேரம், பெயர் ஆகியவற்றை எழுதிக்கொண்டு மேலதிகாரியிடம் புகார் கொடுங்கள். அங்கேயே சண்டை போட வேண்டாம்.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளிடம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்காதீர்கள். சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். லைசென்ஸ் இல்லாத சிறுவன் போலீஸைப் பார்த்தால் பயந்து ஓடுவான். அந்த ஓட்டம் வீட்டில் சாவி கொடுத்தபோதே தொடங்கிவிட்டது.

சாலையோரம் நிற்பவர்கள் கவனிக்க

போலீஸ் விரட்டுவதைப் பார்த்தால் குறுக்கே போய்த் தடுக்காதீர்கள். கல் எறியாதீர்கள். கட்டையை நீட்டாதீர்கள். குழந்தைகளைச் சாலையிலிருந்து தள்ளிக் கூட்டிச் செல்லுங்கள். வண்டி எண் தெரிந்தால் குறித்துக்கொண்டு 112 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொல்லுங்கள்.

யாருக்காவது அடிபட்டால் உடனே உதவுங்கள். நல்ல எண்ணத்தோடு உதவுகிறவர் மேல் வழக்குப் போட முடியாது. 2019-ஆம் ஆண்டு திருத்தச் சட்டம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது.

நினைவில் வையுங்கள்

ஓட்டுகிறவர் நிற்க வேண்டும். ஹெல்மெட், லைசென்ஸ் போன்ற குற்றங்களுக்குப் போலீஸ் விரட்டக் கூடாது. இரண்டு பேரும் அவரவர் கடமையைச் செய்தால் இரண்டு பேரும் மாலையில் வீடு திரும்பலாம்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் ஊரில் வண்டிச் சோதனை எங்கே நடக்கிறது? அந்த இடம் வளைவா, நேர்ச் சாலையா? இரவில் வெளிச்சம் இருக்கிறதா?

2. சோதனையைக் கண்டு மக்கள் ஓடாமல் இருக்கப் போலீஸ் என்ன செய்யலாம்? மக்கள் என்ன செய்யலாம்?

3. எந்தக் குற்றங்களுக்குப் போலீஸ் பின்தொடரலாம் என்று நினைக்கிறீர்கள்? ஏன்?

கணக்கு

ஒருவர் ஹெல்மெட் இல்லாமல் சென்றார். கை காட்டியும் நிற்கவில்லை. சட்டத்தில் உள்ள முழுத் தொகைப்படி, இந்த இரண்டு குற்றங்களுக்கும் சேர்த்து அபராதம் எவ்வளவு? நின்றிருந்தால் அவருக்கு எவ்வளவு மிச்சமாகியிருக்கும்? எழுதிப் பாருங்கள்.