ஆராய்ச்சி மாணவரும் அளவான உணவும்

அறிவைத் தேடுவோருக்கு உடலே முதல் கருவி. கருவியைப் பேணாத தொழிலாளி நெடுநாள் தொழில் செய்ய இயலாது. எளிய இந்த உண்மையை, கல்வியின் உயர்ந்த படியில் நிற்கும் ஆராய்ச்சி மாணவர்கள் பலர் மறந்துவிடுகின்றனர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் முனைவர் பட்டத்திற்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள் என்றும், பொதுவாக ஆறு ஆண்டுகளுக்கு மிகாமல் என்றும் காலத்தை வகுத்துள்ளன. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் ஆய்வைத் தொடங்குபவர் முப்பதை நெருங்கும்போது பட்டம் பெறுகிறார். வாழ்நாள் முழுதும் தொடரும் பழக்கங்கள் வேரூன்றும் பருவம் இது.

ஒழுங்கு குலையும் நாள்

பள்ளி மாணவனுக்கு மணியோசை உண்டு. அலுவலருக்கு வேலை நேரம் உண்டு. ஆராய்ச்சி மாணவருக்கு இரண்டும் இல்லை. சோதனை முடியும் நேரமே அவரது நேரம். கரக்பூரானாலும் பெங்களூருவானாலும் விடுதி வாழ்க்கை ஏறக்குறைய ஒன்றே. இரவு இரண்டு மணிக்குப் படுப்பவர் கண் விழிக்கும்போது மெஸ்ஸில் காலை உணவு முடிந்திருக்கும். பகல் முழுவதும் தேநீரில் கழியும். மாலையில் சமோசா, இரவு உணவு தவறினால் நள்ளிரவில் நூடுல்ஸ். வீட்டிலிருந்து தாய் தொலைபேசியில், "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறார். "ஆயிற்று அம்மா" என்ற பதில் பொய்யன்று. எப்போது, எதை என்பதுதான் சொல்லப்படுவதில்லை.

இந்த வழக்கத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பைத் தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் ஏறத்தாழ 40 கிராம். உணவில் சேர்க்கும் சர்க்கரையை நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. தேநீர் ஒன்றிலேயே அந்த அளவு கடந்துவிடுகிறது. ஒரு சமோசாவில் சுமார் 250 கலோரியும், ஒரு சிறு பொட்டலம் நூடுல்ஸில் சுமார் 300 கலோரியும் உள்ளன. இவை உணவுக்குப் பதிலாக வருவதில்லை. பெரும்பாலும் உணவோடு கூடுதலாகவே வருகின்றன. நாள்தோறும் 200 கலோரி மிகுந்தாலே போதும். ஓராண்டில் எடை சில கிலோ கூடிவிடும்.

தராசு சொல்லாத செய்தி

எடை கூடவில்லை என்பதாலேயே நிம்மதி அடைந்துவிடவும் முடியாது. புனே நகர மருத்துவர் யாக்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரும் தங்கள் உடல்களையே சான்றாகக் காட்டி 2004இல் 'லான்செட்' இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டனர். உடல் எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறை குறியீட்டெண் இருவருக்கும் 22.3 தான். ஆயினும் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலிலோ 21.2 சதவீதம்! பார்வைக்கு மெலிந்த இந்தியரின் உடலிலும், சிறப்பாக வயிற்றைச் சுற்றி, கொழுப்பு தங்கக்கூடும் என்பதை இந்த ஒப்பீடு எளிதில் விளக்கியது.

இதனாலேயே நம் நாட்டு மருத்துவர்கள் இக்குறியீட்டெண் 23ஐ எட்டும்போதே எச்சரிக்கை செய்கின்றனர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டாதிருக்க வேண்டும். இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோயுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் தெரிவித்தது. நோய் நடுவயதில் வெளிப்படலாம். அதற்கான வித்து இளமையிலேயே விழுந்துவிடுகிறது. ஆதலால் ஆராய்ச்சி மாணவரின் மேசையில் எடைத் தராசைவிட ஓர் அளவு நாடா இருப்பது பயன் தரும்.

தட்டில் செய்யும் மாற்றம்

1918இல் குன்னூரில் தோன்றி, பின்னர் ஹைதராபாத்துக்கு மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் புதிய உணவு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2000 கலோரி தேவைப்படுவோருக்கு ஒரு நாளில் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு வகைகள் 85 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம் என்பது அதன் பரிந்துரை. தானியமும் பருப்பும் சமைக்கும் முன் உள்ள எடையால் கணக்கிடப்படுகின்றன.

இத்தட்டுடன் மெஸ் தட்டை ஒப்பிட்டால் குறை எங்கே என்பது விளங்கும். அங்கே சோறும் சப்பாத்தியும் மிகுதி, பருப்பு நீர்த்தது, காய்கறி என்பது பெரும்பாலும் உருளைக்கிழங்கு. சமையலை மாணவர் மாற்ற இயலாது. பரிமாறிக்கொள்ளும் வரிசையை மாற்றலாம். முதலில் வெள்ளரி, தக்காளி, கேரட் முதலிய பச்சைக் காய்களும் சமைத்த காயும் பாதித் தட்டை நிரப்பட்டும். அடுத்து, பருப்பு அல்லது ராஜ்மா இரண்டு கரண்டி. சோறோ சப்பாத்தியோ கடைசியில் வரட்டும். இரண்டில் ஒன்று போதும். முடிவில் ஒரு கிண்ணம் தயிர். இவ்வாறு உண்பவருக்கு வயிறும் நிறையும், மதிய நேரத்து மயக்கமும் குறையும்.

காலை உணவு தவறும் நாளுக்கு அறையிலேயே முன்னேற்பாடு வேண்டும். இரவில் ஊறவைத்த கொண்டைக்கடலை, இரண்டு வாழைப்பழம், ஒரு பிடி நிலக்கடலை ஆகியவற்றுக்கு அடுப்பும் தேவையில்லை, அதிகப் பணமும் தேவையில்லை. ஆய்வுக்கூட்டத்திற்கு வெளியே, பையில் வறுத்த கடலையும் ஒரு கொய்யாவும் இருந்தால் மாலை நேரத்துச் சமோசாவின் கவர்ச்சி பாதியாகக் குறைந்துவிடும். தேநீரை விட்டுவிட வேண்டியதில்லை. சர்க்கரையை வாரத்திற்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு தானாகப் பழகிக்கொள்ளும்.

பட்டினி வழியன்று

எடையைக் கண்டு அஞ்சிய சிலர் திடீரென்று உணவைத் துறக்கின்றனர். அப்போது எடை விரைவாக இறங்குவது உண்மையே. ஆனால் கொழுப்புடன் தசையும் கரைகிறது. சில நாட்களில் பசி வட்டியுடன் திரும்பி வருகிறது. ஏகாதசி விரதத்தை எடை குறைப்பதற்காக மேற்கொள்வோரும் உளர். பகலில் உபவாசமும் மாலையில் எண்ணெயில் பொரித்த ஜவ்வரிசி வடையும் என்றால், விரதத்தின் நோக்கமும் நிறைவேறாது, உடலுக்கும் நன்மையில்லை.

உண்ணும் ஆசை எல்லாம் பசி அன்று என்பதையும் அறிதல் வேண்டும். கட்டுரை திருப்பி அனுப்பப்பட்ட நாளில் எழும் ஆசை பெரும்பாலும் மனத்தின் சோர்வு. ஒரு வாழைப்பழம் போதும் என்று தோன்றினால் அது பசி. குறிப்பிட்ட ஒரு தின்பண்டமே வேண்டும் என்று தோன்றினால் பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து முடிவு செய்யலாம். மீண்டும் மீண்டும் அடங்காமல் உண்பதும், உண்டதை வருந்தி வெளியேற்றுவதும் ஒழுக்கக் குறைவு அல்ல. அவை நோயின் அறிகுறிகள். தயங்காமல் வளாகத்து மருத்துவரையும் மனநல ஆலோசகரையும் நாட வேண்டும்.

உறக்கமும் நடையும்

உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு மிகுகிறது. நிறைவை உணர்த்தும் சுரப்பு குறைகிறது. இரவு விழித்திருப்பவரின் கை தின்பண்டத்தை நாடுவதற்கு மன உறுதியின்மை மட்டும் காரணமன்று. வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பும், இரு நாட்கள் தசையை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வரையறுத்தது. விடுதிக்கும் ஆய்வுக்கூடத்திற்கும் இடையே விரைவாக நடப்பதே நாளொன்றுக்கு இருபது, முப்பது நிமிடமாகும். தனியாக நேரம் ஒதுக்க இயலாதவருக்கும் இது கைகூடும்.

பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம் தியானத்தைப் பற்றிப் பேசுமிடத்தில், உணவையும் உறக்கத்தையும் உழைப்பையும் ஒருசேர வைத்து அளவை வற்புறுத்துகிறது. மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்று குலைந்தால் மற்றவையும் குலையும். ஒன்றைச் சீர்ப்படுத்தினால் மற்றவையும் ஓரளவு சீர்ப்படும். ஆகவே அனைத்தையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. மாறாத ஒரு வேளை உணவைக் குறித்துக்கொண்டு தொடங்கலாம். சோதனை எதுவாயினும் பகல் ஒரு மணிக்குத் தட்டின் முன் அமர்வது என்ற ஒரே உறுதி, சில வாரங்களில் நாள் முழுவதற்கும் ஓர் அச்சாக அமைந்துவிடும். ஆய்வேடு எழுதி முடிக்கும் நாளில், அதன் பயனை உலகிற்கு அளிக்க வலுவுள்ள உடலும் மாணவருக்கு எஞ்சியிருக்க வேண்டும் அல்லவா?