'குறோத்' என்னும் சொல்லும் கமக்காரரும்

பசளை, பயிர் மருந்து ஆகியவற்றைப் பற்றிய பேச்சில் அடிக்கடி வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் 'குறோத்' என்பது ஒன்று. 'குறோ' என்னும் வினையிலிருந்து பிறந்த இப்பெயர்ச்சொல்லுக்கு வளர்ச்சி என்பது பொருள். மருதானைக் கடைக்காரர் தம் வியாபாரம் பெருகியதைக் கூற இச்சொல்லை ஆளலாம். குழந்தையின் நிறையும் உயரமும் கூடுவதைத் தாதியர் இச்சொல்லாற் குறிப்பர். உடலில் வேண்டாது தோன்றிய கட்டியையும் வைத்தியர் இதே சொல்லாற் சுட்டுவர். ஆகவே, ஒன்று கூடியது என்பதையே இச்சொல் உணர்த்தும்; அக்கூடுதல் நன்மையா தீமையா என்பதை உணர்த்தாது. கமக்காரர் மனத்திற் கொள்ளற்பாலது இதுவே.

இதற்கு நெற்பயிரே சான்று. யப்பானிய வயல்களிற் சில நாற்றுக்கள் ஏனையவற்றை விஞ்சி, நெடிதாய் மெலிந்து வளர்ந்து, மணி பிடியாது மடிந்தன. அந்நாட்டார் இதனை 'முட்டாள் நாற்று' நோய் என்றனர். ஒருவகைப் பூஞ்சணம் சுரக்கும் பொருளே இம்மிகை வளர்ச்சிக்குக் காரணம் எனக் குரோசாவா என்னும் ஆராய்ச்சியாளர் 1926 இல் காட்டினார். அப்பொருளே பின்னர் ஜிபரெலின் எனப் பெயர் பெற்றது.

நெல்லின் வாழ்வு மூன்று பருவங்களை உடையது. முதலாவது இலையும் கிளையும் பெருகும் பருவம். இரண்டாவது கதிர் கருக்கொள்வது முதற் பூப்பது வரை. இது ஏறக்குறைய 35 நாட்கள். மூன்றாவது மணி முற்றும் பருவம்; இது ஏறக்குறைய 30 நாட்கள். பின்னிரு பருவங்களும் இனத்துக்கு இனம் அதிகம் வேறுபடா. எனவே, முதற் பருவம் மூன்றரை மாத இனத்துக்கு ஏறக்குறைய 40 நாட்களும், நான்கு மாத இனத்துக்கு 55 நாட்களுமாம்.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. அளவோடு இடின் அது விளைச்சலைத் தரும். இரசாயனப் பசளை இறக்குமதி 2021 இல் தடைசெய்யப்பட்டபின், அடுத்து வந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் வீழ்ந்ததைக் கமக்காரர் அறிவர். ஆயினும், மிகையாக இடின் பயிர் கருமை கொண்டு உயரும். தண்டு நலிந்து சாயும். எரிபந்த நோயும் கபிலத் தத்தியும் எளிதிற் பற்றும். 1958 இல் வெளியிடப்பட்ட எச்-4 என்னும் நெடிய இனத்துக்கு இக்குறை இருந்தது. 1966 இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் வெளிவந்த ஐ.ஆர்.8 போன்ற குட்டை இனங்கள் சாயாது நின்று கூடிய விளைச்சல் தந்தன. உயரம் குறைந்தமையே நன்மையாயிற்று!

மரக்கறிப் பயிர்க்கும் இது பொருந்தும். தக்காளி, மிளகாய் ஆகியவற்றுக்கு நைதரசன் மிஞ்சினால் இலை செழிக்கும். பூவும் காயும் குறையும்.

ஆதலால், கமக்காரரே! யூரியாவை ஒரே முறையில் இடாது, சிபாரிசு செய்யப்பட்ட அளவைப் பல பங்காகப் பிரித்து, உரிய காலங்களில் இடுங்கள். அயலவர் வயலின் பசுமையைக் கண்டு மேலும் ஒரு பை இட விரையாதீர்கள். விதைத்த நாளைக் குறித்து வைத்துப் பருவத்தைக் கணக்கிடுங்கள். 'பயிர் எவ்வளவு வளர்ந்தது?' என வினவுவதோடு நில்லாது, 'வளர்ந்தது இலையா, மணியா?' எனவும் வினவுங்கள்.